அட்மின் சம்மதித்தால் போதுமா?

கேள்வி: கருச்சிதைவுக்கு ஆளான பெண்கள் ஆறுதல் பகிரும் வாட்ஸ்அப் குழுவொன்றின் பதிவுகளை இறுதி வருட ஆய்வுக்கு எடுக்க இருக்கிறேன். அட்மின் ‘ஓம்’ என்றுவிட்டார். பெயர்களை நீக்கினால் போதுமா?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: போதாது. அட்மினின் ‘ஓம்’ உங்களை உள்ளே விடுவதற்கு மட்டும்தான். மற்றவர்களின் துக்கத்தை எடுத்துக் கொடுக்க அவருக்கு உரிமை இல்லை. ஒவ்வொருத்தியும் விபரம் விளங்கி, தானே சம்மதிக்க வேண்டும்.

முதலில் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பியுங்கள். தரவைத் திரட்டிய பிறகு கேட்பதில் பயனில்லை. அனுமதி வந்ததும் வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தல் போடுங்கள்: நீங்கள் யார், மேற்பார்வையாளர் யார், எந்தத் திகதி முதல் எதுவரையான பதிவுகள், எந்த நாள்வரை விலகலாம். தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐயும் சேருங்கள். பிறகு தனிச்செய்தியில் கேளுங்கள். எல்லோர் முன்னாலும் கேட்டால் மறுக்கக் கூச்சப்பட்டு ‘ஓம்’ போடுவார்கள். பதில் தராதவர் மறுத்தவர். குழுவை விட்டுப் போனவர்களின் பழைய பதிவுகளைத் தொடவே வேண்டாம்.

பலர் சறுக்குவது, உரையாடல் முழுவதையும் கோப்பாக எடுத்துத்தரும் ‘எக்ஸ்போர்ட் சட்’ வசதியில். அது சம்மதிக்காதவர்களின் செய்திகளையும் பெயரோடோ இலக்கத்தோடோ அள்ளிவரும். சம்மதித்தவர் எழுதியதை மட்டும் தனிக் கோப்பில் பிரதிசெய்யுங்கள். அதற்குள் இன்னொருத்தியின் கதை வந்தால் அந்தப் பகுதியை விடுங்கள். பெயருக்குப் பதில் குறியீடு. எந்தக் குறியீடு யாருடையது என்ற பட்டியல் கடவுச்சொல்லோடு வேறிடத்தில். குரலே ஆளைக் காட்டும் என்பதால் குரல்பதிவை எழுத்தாக்கியதும் அழியுங்கள்.

பெயர் நீக்கத்தை நம்பாதீர்கள். ‘படுவான்கரை ஆசிரியை, கணவர் கட்டாரில்’ என்றாலே ஊருக்கு ஆள் தெரிந்துவிடும். ‘மூணாம் புள்ளயும் தங்கல்ல, மறுகா மாமி கதைக்கிறல்ல’ என்று ஒருத்தி எழுதியதாக வைத்துக்கொள்வோம். அதை அப்படியே அச்சிட்டால் குழுவிலுள்ள அத்தனை பேரும் அடையாளம் காண்பார்கள். ‘பலமுறை கரு கலைந்தபின் கணவர் வீட்டார் ஒதுக்கினர்’ என்று உங்கள் வசனத்தில் எழுதுங்கள். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உடல்நலத் தகவலைச் சிறப்பு வகையாகவே வைத்திருக்கிறது.

கேள்வி: நான் ஆண் ஆய்வாளர். பெண் பெயரில் கணக்குத் திறந்து, இப்படியான குழுவொன்றில் சேர்ந்து, ஒன்றும் எழுதாமல் வாசிக்க மட்டும் செய்யலாமா?
– வாசகர், ஒலுவில்

பதில்: கூடாது. ஆய்வுக்காக வாசிப்பதே தரவு சேகரிப்புதான். பெண்கள் மட்டும் இருக்கிறோம் என்ற நம்பிக்கையில் எழுதியதை ஏமாற்றி எடுத்தது தெரியவரும் அன்றைக்கே பேச்சு நின்றுபோகும். அவர்களில் பலருக்கு மனம்விட்டுப் பேச வேறு இடமில்லை. பெண் ஆய்வாளர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு, அட்மின் வழியாக நேர்காணலுக்கு அழைப்பு விடுங்கள். விரும்பியவர்கள் வரட்டும்.