ஜர்னலிசம் படிப்புல இன்னும் வெள்ளைக்காரத் துரையோட பார்வைதானா? கேளுங்க, சொல்றேன்

வணக்கம். நான் மலேசியாவுல சுங்கை சிப்புட்காரன், தமிழ்ப் பேப்பர்ல 20 வருஷமா நிருபர், சாயங்காலத்துல பசங்களுக்கு ஜர்னலிசம் சொல்லிக் குடுக்கறேன். அந்தப் படிப்புல காலனி ஆட்சி வாடை போகலையேன்னு நெறைய பேர் கேட்டிருந்தீங்க.

கேள்வி: அண்ணே, வெள்ளைக்காரன் தியரியெல்லாம் தூக்கிப் போட்டுடலாமா?

வேணாம் தம்பி, படி. அமெரிக்க ஆராய்ச்சிக்காரங்க லெர்னர் 1958லயும் ஷ்ராம் 1964லயும் மீடியா பரவுனா நாடு முன்னேறும்னு எழுதுனாங்க, எங்க லயத்துலயும் (தோட்டத் தொழிலாளிங்க வரிசை வீடு) ரேடியோ பாடுச்சு, சம்பளம் ஏறலையே. கூடவே நம்ம மலேசிய சமூகவியல் அறிஞர் சையத் ஹுசேன் அலாத்தாஸ் 1977ல எழுதுனதையும் படி, உள்ளூர்க்காரன் சோம்பேறிங்கற பேச்சு காலனி முதலாளிக்கு எப்படி ஒதவுச்சுன்னு புட்டுப் புட்டு வச்சிருக்காரு.

கேள்வி: ஐயா, நம்ம ஊரை வச்சு விளக்குங்களேன்.

1948 ஜூன் 16ல நம்ம ஊர்த் தோட்டங்கள்ல மூணு வெள்ளைக்காரத் துரைமாரைக் கம்யூனிஸ்டுங்க சுட்டாங்க, ரெண்டே நாள்ல மலாயா முழுக்க அவசரகாலம். சுட்டது சரின்னு சொல்ல வரல. ஆனா 12 வருஷ சண்டைக்குப் பேரு 'அவசரகாலம்', எதிரிக்குப் பேரு மொதல்ல 'கொள்ளைக்காரன்', 1952லேருந்து 'கம்யூனிஸ்ட் பயங்கரவாதி', எல்லாமே வெள்ளைக்கார அரசாங்கம் வச்ச பேரு. எங்க பாட்டி அதை 'கம்பிவேலி காலம்'னுதான் சொல்லும், லயத்தைச் சுத்தி முள்ளுக்கம்பி, ரப்பர் பால் வெட்டப் போறப்ப கேட்டுல தடவிப் பாப்பாங்களாம், சோத்துத் தூக்கு கொண்டு போக விடமாட்டாங்களாம். பாட்டி சொன்ன இந்த ஒரு பேருக்காகவே நான் இந்தப் படிப்பை மாத்தணும்னு கத்திக்கிட்டு இருக்கேன்.

கேள்வி: நம்ம தமிழ்ப் பேப்பருங்க என்ன செஞ்சுச்சு சார்?

1924லேருந்து 2019 வரைக்கும் வந்த தமிழ் நேசன்ல வேலை செஞ்ச ஆர்.எச்.நாதன்தான் 1941 கிள்ளான் தோட்ட ஸ்ட்ரைக்கை முன்னால நின்னு நடத்துனாரு. சம்பளத்தை ஏத்தச் சொன்னதோட, துரையைப் பாத்தா சைக்கிளை விட்டு எறங்கணும்ங்கற வழக்கத்தையும் நிறுத்தச் சொன்னாங்க. அவரைப் பிடிச்சு இந்தியாவுக்கு அனுப்பிட்டாங்க. இவரைப் பத்தி எந்த ஜர்னலிசம் கிளாஸ்லயும் எனக்கு யாரும் சொல்லித் தரல, ரொம்ப வலிக்குது.

கேள்வி: பேப்பர் நடத்தற சட்டத்துலயும் காலனி வாடை இருக்கா?

1948ல வெள்ளைக்காரன் போட்ட அச்சகச் சட்டத்தோட வாரிசுதான் இப்ப இருக்கற 1984 அச்சக, வெளியீட்டுச் சட்டம். பேப்பர் நடத்தற பெர்மிட்டை வருஷா வருஷம் புதுப்பிக்கறதை 2012ல எடுத்தாங்க, பெர்மிட் வேணும்ங்கறது அப்படியே இருக்கு.

கேள்வி: நாங்க எங்கேருந்து ஆரம்பிக்கறது அண்ணே?

வீட்டுல 80 தாண்டுனவங்க இருந்தா இந்த வாரமே போன்ல ரெக்கார்ட் பண்ணுங்கம்மா. அவங்க பெரட்டுன்னா (காலையில ஆள் எண்ணிப் பேர் கூப்பிடறது) பெரட்டுன்னே எழுதுங்க, கிராணின்னா (தோட்டத்துக் கணக்குப்பிள்ளை) கிராணின்னே.