பேரப்பிள்ளைகள் உங்களோடு இருந்தால் தாபரிப்பு வழக்கை நீங்களே போடலாம்

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். மகள் குவைத்தில் வீட்டுவேலை செய்கிறாள். மருமகன் டவுனில் ஒரு கம்பனியில் டிரைவர். எங்களை விட்டுப் போய் வேறு குடும்பமாகிவிட்டார். 9 வயதிலும் 6 வயதிலும் இரண்டு பேரப்பிள்ளைகள் என்னோடுதான். செலவுக்குக் கேட்டால், "அம்மம்மாவுக்குக் கேட்க உரிமை இல்லை, கேட்டால் பிள்ளைகளைக் கொண்டுபோய்விடுவேன்" என்கிறார். மகள் வரும்வரை பொறுக்க வேண்டுமா?

பதில்: பொறுக்க வேண்டாம் அம்மா. மருமகன் சொல்வது சரியில்லை. தாபரிப்பு என்றால் பிள்ளைகளை வளர்க்கும் செலவுக்கான பணம். 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டப்படி, பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அந்தப் பிள்ளைக்காக நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். தாயாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பணம் உங்களுக்கல்ல, பிள்ளைகளுக்கு. அவர்கள் சார்பில் நீங்கள் கேட்கிறீர்கள், அவ்வளவுதான்.

பிள்ளைகள் உங்களிடம் வளர்கிறார்கள் என்பதைக் காட்ட வேண்டிவரும். பிறப்புச் சான்றிதழ்கள், கிராம சேவகரின் கடிதம், பாதுகாவலராக உங்கள் பெயர் உள்ள பாடசாலைப் பதிவு, கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். மருமகன் வேலை செய்யும் கம்பனியின் பெயரும் விலாசமும் மிக முக்கியம். கட்டளை கிடைத்த பிறகு, சம்பளத்திலிருந்தே பணத்தைக் கழித்துத் தரும்படி நீதிமன்றம் முதலாளிக்குச் சொல்ல முடியும்.

எவ்வளவு கிடைக்கும்? சட்டத்தில் நிர்ணயித்த தொகை இல்லை. தகப்பனின் வருமானத்தையும் பிள்ளைகளின் தேவையையும் பார்த்து நீதவான் முடிவு செய்வார். சாப்பாடு, டியூஷன், மருந்து, பஸ் காசு என்று மாதச் செலவை எழுதிக்கொண்டு போங்கள். மகளுக்கும் இதே கடமை உண்டு. அவர் அனுப்பும் காசை மறைக்க வேண்டாம். மறைத்தது தெரியவந்தால் நீங்கள் சொல்லும் மற்றதையும் நம்பமாட்டார்கள்.

வழக்கு என்றதும் மருமகன் சமாதானத்துக்கு வரக்கூடும். "மாதாமாதம் தருகிறேன், வழக்கை விடுங்கள்" என்பார். வாய்ப்பேச்சை நம்பி வழக்கை வாபஸ் வாங்காதீர்கள். எத்தனையோ அம்மம்மாமார் இங்கேதான் ஏமாறுகிறார்கள். சம்மதித்த தொகையை நீதிமன்றக் கட்டளையாகப் பதியச் சொல்லுங்கள். கட்டளை இருந்தால்தான், அவர் கட்டாதபோது நிலுவையை அறவிடக் கேட்கலாம். சிறைக்கு அனுப்பவும் நீதவானுக்கு அதிகாரம் உண்டு.

பிள்ளைகளைக் கொண்டுபோவேன் என்பது வேறு விஷயம். தாபரிப்புக் கேட்டதற்காகப் பிள்ளைகள் கைமாறமாட்டார்கள். பொறுப்பு வேண்டுமென்றால் தகப்பன் தனியாக வழக்குப் போட வேண்டும். அங்கே பிள்ளையின் நலன்தான் முதலில். பலவந்தமாகக் கொண்டுபோக வந்தால் பொலிஸில் உடனே முறைப்பாடு செய்யுங்கள். பிரதேச செயலகத்தில் உள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கும் இப்போதே சொல்லிவையுங்கள்.

முஸ்லிம் குடும்பமென்றால் பிள்ளைத் தாபரிப்புக்கு, முஸ்லிம்களின் திருமண, குடும்ப வழக்குகளை விசாரிக்கும் காதி நீதிமன்றத்தை நாட வேண்டும்.

லோயருக்குக் காசில்லை என்று நின்றுவிடாதீர்கள். சட்ட உதவி ஆணைக்குழுவுக்குத் திருகோணமலையிலும் அலுவலகம் உண்டு. வருமானம் குறைந்தவர்களின் தாபரிப்பு வழக்குகளை அவர்கள் எடுப்பார்கள். அடையாள அட்டையையும் மேலே சொன்ன பத்திரங்களையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே போங்கள்.