மின்சாரத்தில் 96 யூனிட், சிலிண்டரில் 12 நாள்: எங்கள் வீட்டில் மிச்சமான விதம்

கேள்வி: நடுத்தரக் குடும்பத்தில், இருக்கும் வசதிகளைக் குறைத்துக்கொள்ளாமல் வீட்டுச் செலவை மிச்சப்படுத்த நீங்கள் உண்மையிலேயே கடைப்பிடிக்கும் வழிகள் யாவை?

மதுரையில் வசிக்கும் ஐந்து பேர் கொண்ட குடும்பம் எங்களுடையது. நான், மனைவி, அம்மா, கல்லூரியில் படிக்கும் மகன், பள்ளியில் படிக்கும் மகள். கணக்கு எழுதுவதே என் தொழில் என்றாலும் சொந்த வீட்டுக் கணக்கில் பல ஆண்டுகள் கோட்டை விட்டவன் நான். அறைக்கு அறை போய் விளக்கை அணைக்கச் சொல்லிச் சத்தம் போடுவதே சிக்கனம் என்று நினைத்திருந்தேன். ஒன்பது வாட் எல்இடி பல்பு ஒரு மணி நேரம் வீணாக எரிந்தால் ஆகும் செலவு ஏறத்தாழ ஐந்து பைசா. அந்த ஐந்து பைசாவுக்காக நான் போட்ட சத்தத்தில் வீட்டில் எல்லோருக்கும் எரிச்சல் மிஞ்சியதே தவிர, கையில் எதுவும் மிஞ்சவில்லை.

2023 கோடையில் வந்த மின்கட்டணம்தான் கண்ணைத் திறந்தது. இரண்டு மாதத்துக்கு 548 யூனிட், 2,334 ரூபாய். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 498 யூனிட்டுக்கு 1,713 ரூபாய் கட்டியிருந்தேன். 50 யூனிட் கூடியதற்கு 621 ரூபாய் அதிகம் என்றால், யூனிட்டுக்குப் பன்னிரண்டு ரூபாய்க்கு மேல் ஆகிறதே, இவ்வளவு விலையே அட்டவணையில் இல்லையே என்று குழம்பிப்போய், 2022 செப்டம்பரில் மாற்றியமைக்கப்பட்ட கட்டண அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதன்படி முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். 500ஐத் தாண்டிவிட்டாலோ 501 முதல் 600 வரை யூனிட்டுக்கு 8 ரூபாய் என்பதோடு நிற்கவில்லை. கீழே இருக்கும் அந்த 2.25 ரூபாய்ப் படியும் பறிபோய், அந்த நூறு யூனிட்டுக்கும் 4.50 கணக்கிடப்பட்டது. ஆகவே 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய். 2024 ஜூலையில் கட்டணம் மறுபடி உயர்ந்தபோதும் இந்தப் படி அமைப்பு அப்படியே தொடர்ந்தது. விகிதங்கள் அவ்வப்போது மாறுகின்றன என்பதால் உங்கள் கணக்கைப் போடும் முன் அப்போதைய அட்டவணையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைப் புரிந்துகொண்ட பிறகு என் நோக்கம் மாறிவிட்டது. மின்சாரத்தைப் பொதுவாகக் குறைக்க வேண்டும் என்பதை விட்டுவிட்டு, இரண்டு மாதத்தில் 500ஐத் தாண்டக் கூடாது என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டேன். கணக்கெடுப்பவர் வெள்ளை அட்டையில் எழுதிப் போகும் எண்ணிலிருந்து, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மீட்டரை நானே பார்த்து நாட்காட்டியில் குறித்துவருகிறேன். நாளொன்றுக்கு எட்டு யூனிட்டுக்கு மேல் ஓடினால் எச்சரிக்கை என்பது எங்கள் வீட்டுக் கணக்கு.

அடுத்து, அந்த யூனிட்டுகள் எங்கே போகின்றன என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இப்போதைய மின்னணு மீட்டர்களில் சிறு சிவப்பு விளக்கொன்று விட்டுவிட்டு மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் மீட்டரில், அது 1,600 முறை மின்னினால் ஒரு யூனிட் என்று அச்சிட்டிருந்தது. ஒருநாள் மாலை ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மகள் கைப்பேசியில் நேரத்தை அளக்க, நான் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். எதுவும் ஓடாத வீட்டில் அது தொண்ணூறு வினாடிக்கு ஒருமுறை மின்னியது. கணக்கிட்டால் 25 வாட். இரவும் பகலும் சேர்த்து இரண்டு மாதத்துக்கு 36 யூனிட். ரிமோட்டில் மட்டும் அணைத்திருந்த டிவியும் அதன் செட்டாப் பாக்ஸும்தான் ஒரு பங்குக்குக் காரணம். அவற்றைச் சுவிட்சிலேயே அணைத்ததும் இடைவெளி நூற்றைம்பது வினாடியாக நீண்டது. எஞ்சிய 15 வாட்டும் இன்வெர்ட்டர் தின்பது. மின்வெட்டு நேரத்தில் அம்மாவுக்கு மின்விசிறி வேண்டும் என்பதால் அதில் கைவைக்கவில்லை. பார்க்காத நேரமெல்லாம் டிவி சுவிட்சை அணைத்து வைக்கும் பொறுப்பை மகள் ஏற்றுக்கொண்டாள். அதில் மட்டும் இரண்டு மாதத்துக்கு 14 யூனிட் வரை குறையும்.

பெரிய கள்ளன் ஃபிரிட்ஜ்தான் என்பது குலதெய்வக் கோயிலுக்குப் போய் மூன்று நாள் வீடு பூட்டிக் கிடந்தபோது தெரிந்தது. அந்த மூன்று நாளில் ஃபிரிட்ஜும் இன்வெர்ட்டரும் மட்டுமே ஓடியிருந்தும் மீட்டர் 9 யூனிட் நகர்ந்திருந்தது. பழுது பார்ப்பவரை அழைப்பதற்கு முன் நானே ஒரு சோதனை செய்தேன். பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி, வெளியே இருந்து இழுத்துப் பார்த்தேன். மேல்பக்கம் நோட்டு இறுகப் பிடித்துக்கொண்டது. கீழ் மூலையில் வெண்ணெயில் கத்தி போல வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் கேஸ்கட் அந்த இடத்தில் காய்ந்து வெடித்திருந்ததால், குளிர் கசிந்துகொண்டே இருக்க, கம்ப்ரசர் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஆயிரம் ரூபாய்க்குள் கேஸ்கட்டை மாற்றி, சுவரை ஒட்டி நின்ற ஃபிரிட்ஜைக் காற்றோட்டத்துக்காக ஒரு சாண் முன்னால் நகர்த்தியும் வைத்தோம். அடுத்த முறை அதே போல மூன்று நாள் வெளியூர் சென்றபோது 6 யூனிட்தான் ஓடியிருந்தது. நாளுக்கு ஒரு யூனிட், இரண்டு மாதத்துக்கு 60. இந்த ஒரு வேலையிலேயே 500க்குக் கீழே இறங்கிவிடலாம்.

மின்விசிறிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய மின்விசிறி 75 வாட் எடுக்கும் இடத்தில் பிஎல்டிசி எனப்படும் புதிய வகை 30 வாட் அளவில் ஓடுகிறது. நாளுக்குப் பதினைந்து மணி நேரம் சுற்றும் விசிறியை மாற்றினால் இரண்டு மாதத்தில் 40 யூனிட் குறையும். சுமார் மூவாயிரம் ரூபாய் விலை இரண்டு ஆண்டில் திரும்பிவிடும். ஆனால் வீட்டிலுள்ள எல்லா விசிறிகளையும் மாற்றச் சொல்லும் கடைக்காரர் பேச்சைக் கேட்க வேண்டாம். கூடத்துக்கும் அம்மாவின் அறைக்கும் மட்டும் மாற்றினோம். நாளுக்கு ஒரு மணி நேரம் சுற்றும் சமையலறை விசிறியை மாற்றினால் போட்ட பணத்தை எடுப்பதற்குள் விசிறியே பழசாகிவிடும்.

ஏசியை அம்மா 22இல் வைப்பது வழக்கம். 2020 தொடக்கத்திலிருந்து விற்கப்படும் அறை ஏசிகள் 24 டிகிரியை இயல்பு நிலையாகக் கொண்டே வர வேண்டும் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் விதி. ஒவ்வொரு டிகிரி கூட்டும்போதும் ஆறு விழுக்காடு அளவுக்கு மின்சாரம் குறையும் என்றும் அவர்கள் சொல்கிறார்கள். 26இல் வைத்து விசிறியைக் குறைந்த வேகத்தில் விட்டுப் பாருங்கள் என்றேன். முதல் இரண்டு நாள் முணுமுணுத்தார். மூன்றாம் நாள் விடியற்காலையில் முழங்கால் வலி இல்லை என்று அவரே சொன்னார்.

2024 கோடையில் எங்கள் கணக்கு 452 யூனிட், 1,437 ரூபாய். மேலே சொன்ன கணக்குப்படி இன்னும் குறைந்திருக்க வேண்டும். கல்லூரி விடுமுறையில் வீட்டிலிருந்த மகன் இரவெல்லாம் கணினியில் உட்கார்ந்ததை எந்த மீட்டரும் மன்னிக்கவில்லை.

சமையல் எரிவாயுவில் வழி காட்டியது மனைவி. 14.2 கிலோ சிலிண்டர் எங்களுக்கு முன்பு 38 நாள் வந்தது. இப்போது 50 நாள் வருகிறது. மாட்டும் தேதியைச் சமையலறைக் காலண்டரில் எழுதுவதால் இது ஊகமில்லை. முதல் காரணம் தெர்மல் குக்கர். அரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து, தாராளமான தண்ணீரில் போட்டு நன்றாகக் கொதி வந்தபின், பச்சரிசியானால் ஐந்து நிமிடம், புழுங்கலரிசியானால் பத்து நிமிடம் அடுப்பில் வைத்து, பாத்திரத்தோடு அந்த வெப்பக்காப்பு டப்பாவுக்குள் இறக்கி மூடிவிடுகிறார். ஒரு மணி நேரத்தில் சோறு பதமாக வெந்திருக்கும், வடித்தால் போதும். அடிப்பிடிக்கும் கவலை இல்லை, அருகில் நிற்கவும் வேண்டாம். அரை லிட்டர் அளவுக்குச் சிறிதாக வைத்தால் சூடு தாங்காமல் அரிசி விறைத்துவிடும் என்பதால், பாத்திரம் முக்கால் பங்காவது நிறைந்திருக்க வேண்டும். எங்கள் முதல் இரண்டு நாள் சோறு அப்படித்தான் பாழானது.

இரண்டாவது காரணம் பிரஷர் குக்கர். விசில் எண்ணிச் சமைப்பதே நம் வழக்கம். ஆனால் ஒவ்வொரு விசிலிலும் வெளியேறுவது நாம் காசு கொடுத்து உண்டாக்கிய நீராவி. பருப்பை ஊறவைத்து, முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வைத்து ஐந்து நிமிடத்தில் அணைத்துவிட்டால், ஆவி தானாக அடங்குவதற்குள் மீதி வெந்துவிடுகிறது. பாத்திரத்தின் அடியில் கரி படிந்தாலோ, தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தாலோ பர்னரைக் கழற்றிக் கழுவ வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள். சிலிண்டர் வரும்போது எடை போட்டு வாங்குவதையும் விட வேண்டாம். கழுத்துப் பகுதியில் காலி எடை பொறித்திருக்கும், அதோடு 14.2ஐக் கூட்டினால் வர வேண்டிய எடை.

இட்லி மாவைக் கடையில் வாங்குவதை நிறுத்தினோம். 150 வாட் கிரைண்டர் நாற்பது நிமிடம் ஓடினால் பத்தில் ஒரு யூனிட்தான் ஆகும், அதாவது ஒரு ரூபாய்கூட இல்லை. நியாயவிலைக் கடைப் புழுங்கலரிசியை இட்லிக்கு ஊறப்போடுவதில் கௌரவக் குறைச்சல் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல உளுந்தைச் சேர்த்து, உளுந்தைத் தனியாகப் பொங்கப் பொங்க அரைத்தால், எந்த அரிசி என்று விருந்தாளிக்குத் தெரியப் போவதில்லை. அதே கடையில் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைத்த துவரம்பருப்பும் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைத்த பாமாயிலும் எங்கள் மாதச் சாமானில் கணிசமான தொகையைக் குறைத்திருக்கின்றன.

காய்கறிக்கு உழவர் சந்தை. 1999 நவம்பரில் தமிழகத்தின் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டதே எங்கள் ஊர் அண்ணா நகரில்தான். அன்றைய விலை பலகையில் எழுதியிருப்பதால் பேரம் பேசத் தெரியாத என் போன்றவர்களுக்கு அது வசதி. வாரத்துக்கு ஒருமுறை காலை ஆறரை மணிக்குப் போய்விடுவேன். ஆனால் அரைக் கிலோ கத்தரிக்காய்க்காகத் தினமும் வண்டியை எடுத்துக்கொண்டு போனால், காயில் மிச்சமானது பெட்ரோலில் போய்விடும். இடையில் தேவைப்படும் கீரைக்கும் கொத்தமல்லிக்கும் தெருவில் விற்றுக்கொண்டு வரும் பெண்மணிதான். அவரிடம் விலை கேட்பதில்லை.

எண்ணெய் பாக்கெட்டில் மட்டும் சற்று கூர்ந்து பாருங்கள். ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம் இருக்கும். பார்வைக்கு லிட்டர் பாக்கெட் போலவே இருந்து, உள்ளே 850 அல்லது 800 கிராம் மட்டும் கொண்டவையும் அதே வரிசையில் அடுக்கியிருப்பார்கள். "சலுகை விலை" என்று எழுதியிருந்தது என்பதற்காக அப்படி ஒன்றை இரண்டு மாதம் தொடர்ந்து வாங்கி, கிராமுக்குக் கூடுதல் விலை கொடுத்த ஆள் நானே. பெரிய பாக்கெட் என்றால் மலிவு என்பதும் எப்போதும் உண்மையல்ல. வகுத்துப் பார்க்கக் கைப்பேசி இருக்கிறதே.

பலனளிக்காதவையும் உண்டு. ஒவ்வொரு ரூபாயையும் நோட்டில் எழுதும் வழக்கம் எங்கள் வீட்டில் பதினேழு நாள்தான் ஓடியது. அம்மாவின் பூஜை அறையில் எரியும் பழைய குண்டு பல்பை மாற்றச் சொல்லி மூன்று முறை தோற்றேன். எல்இடி வெளிச்சத்தில் சாமி முகம் வெளுத்துத் தெரிகிறதாம்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. இந்த வீட்டுக்கு வருவதற்கு முன் நாங்கள் இருந்த வீட்டில் தனி இணைப்பு இல்லை. உரிமையாளர் துணை மீட்டர் வைத்து யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் வீதம் வாங்கினார். இலவச 100 யூனிட்டும் எங்களுக்கு இல்லை, படிக் கணக்கும் இல்லை. அத்தகைய இடத்தில் 500 என்ற எல்லையைத் துரத்துவதில் பயனில்லை. குறையும் ஒவ்வொரு யூனிட்டும் நேராக ஒன்பது ரூபாய் என்பதால் ஃபிரிட்ஜ் கேஸ்கட்டும் டிவி சுவிட்சும் அங்கே இன்னும் விரைவாகப் பலன் தரும். புதிதாக வீடு பார்க்கும்போது வாடகையையும் முன்பணத்தையும் கேட்கும் அதே மூச்சில், மீட்டர் தனியா, அட்டை யார் பெயரில் என்பதையும் கேட்டுவிடுங்கள். வாடகை ஐந்நூறு ரூபாய் கூடுதலாக இருந்தாலும், தனி இணைப்புள்ள வீடே மலிவாக முடியக்கூடும்.