அப்லேஷனும் எக்ஸ்ரேயும்: கேத் லேபிலிருந்து சில பதில்கள்

மதுரையில் ஒரு மருத்துவமனையின் கேத் லேபில், அதாவது ரத்தக்குழாய் வழியாக இதயச் சிகிச்சை செய்யும் அறையில், டெக்னீஷியனாக இருக்கிறேன். இதயத் துடிப்புக் கோளாறுக்கு, கோளாறான இடத்தைச் சுட்டுச் சரிசெய்யும் அப்லேஷன் செய்யும்போது உடம்பில் படும் எக்ஸ்ரே பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். சிகிச்சை முடிவை மட்டும் உங்கள் டாக்டரோடு பேசி எடுங்கள்.

மகளுக்குப் பதினாலு வயது. எஸ்.வி.டி. (இதயம் திடீரென்று மிக வேகமாகத் துடிக்கும் கோளாறு) என்கிறார்கள். ரேடியேஷனுக்குப் பயந்து அப்லேஷன் வேண்டாம் என்கிறார் அவள் அப்பா. (மேலூர்)

அந்த ஒரு காரணத்துக்காக வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள் அம்மா. கோளாறான இடத்தைச் சுடுவது எக்ஸ்ரே இல்லை. கதீட்டர் என்ற மெல்லிய குழாயின் நுனியில் மின்சாரம் கொடுத்து, அந்த இடத்துத் தசையை 50 டிகிரிக்கு மேல் சூடாக்குகிறார்கள். கதீட்டர் எங்கே போகிறது என்று பார்க்கத்தான் எக்ஸ்ரே. அதுவும் டாக்டர் பெடலை மிதிக்கும்போது மட்டும்தான் வரும். காலை எடுத்தால் நின்றுவிடும்.

இயற்கையாகவே நம் எல்லோர் மேலும் கதிர்வீச்சு படுகிறது. உலக சராசரி ஆண்டுக்குச் சுமார் 2.4 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), மணவாளக்குறிச்சிப் பக்கம் கடற்கரை மணலால் இன்னும் அதிகம். கவனமாகச் செய்த சாதாரண எஸ்.வி.டி. அப்லேஷன் சில மில்லிசீவர்ட்டுக்குள் முடிந்துவிடும். ஆனால் வளரும் பிள்ளை, இன்னும் நெடுங்காலம் வாழப்போகிறவள். அதனால் அந்தச் சிறிய அளவையும் குறைக்கத்தான் வேண்டும். கார்ட்டோ, என்சைட் போன்ற 3டி மேப்பிங் இருந்தால், காந்தப்புலத்தையோ சிறு மின்சாரத்தையோ வைத்துக் கதீட்டரைத் திரையில் பார்க்கலாம். பல எஸ்.வி.டி. கேஸ்கள் எக்ஸ்ரேயே இல்லாமலும் முடிகின்றன. உங்கள் டாக்டரிடம் இதைக் கேளுங்கள். தாராளமாகக் கேட்கலாம்.

3டிக்குச் செலவு கூடும் என்கிறார்கள். அது இல்லாவிட்டால் ஆபத்தா? (திருமங்கலம்)

இல்லை. மெஷினைவிடக் கைப்பழக்கம் முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம். ஃப்ளூரோவை, அதாவது திரையில் நேரடியாக ஓடும் எக்ஸ்ரே படத்தை, விநாடிக்கு 15 ஃப்ரேமில் ஓட்டும் வழக்கம் இருந்தது. 7.5க்கு இறக்கினாலே டோஸ் ஏறக்குறைய பாதியாகிறது. பல கேஸ்களுக்கு நாலு ஃப்ரேமே போதும். படம் கொஞ்சம் விட்டுவிட்டு ஓடும், கண் பழகிவிடும். படத்தைப் பதிவு செய்து வைக்கும் சினி ரெக்கார்டிங் அதைவிடப் பல மடங்கு டோஸ் கொடுக்கும். கடைசிப் படம் திரையில் நிற்கும்போது அதற்கு அவசியம் பெரும்பாலும் வராது. தேவையான இடம் மட்டும் தெரியும்படி எக்ஸ்ரே கற்றையின் அகலத்தைக் கட்டுப்படுத்தும் காலிமேட்டரைக் குறுக்க வேண்டும். அப்புறம், எக்ஸ்ரேயைப் பிடித்துப் படமாக்கும் டிடெக்டர். அது நெஞ்சிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றால், வெளிச்சம் போதவில்லை என்று மெஷின் தானாகவே எக்ஸ்ரேயைக் கூட்டிவிடும். டேபிளை உயர்த்தி, டிடெக்டரை நெஞ்சுக்குப் பக்கத்தில் இறக்கினால் போதும். இதற்கெல்லாம் ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவு கிடையாது.

அப்பாவுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு (இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிக்கும் கோளாறு) அப்லேஷன் முடிந்தது. எவ்வளவு டோஸ் பட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? (அண்ணாநகர்)

மெஷினே ஃப்ளூரோ நேரத்தையும் டோஸையும் பதிவு செய்யும். டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதித் தரச் சொல்லுங்கள். எக்ஸ்ரே ட்யூப் டேபிளுக்கு அடியில் இருப்பதால் முதுகுத் தோலில்தான் அதிகம் படும். தோலில் பட்ட டோஸ் 2 கிரேக்கு (உடம்பு உறிஞ்சிய கதிர்வீச்சை அளக்கும் அலகு) மேல் போயிருந்தால் சில வாரங்கள் முதுகைப் பாருங்கள். சிவந்திருந்தால் அந்த டாக்டரிடமே காட்டுங்கள். தோல் டாக்டரிடம் போனால் அப்லேஷன் நடந்ததையும் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பேரனைத் தூக்கலாமா? உடம்பில் ரேடியேஷன் தங்குமா? (சிம்மக்கல்)

தங்காது. தொடையில் ஊசி போட்ட இடம் ஆறும்வரை கனம் தூக்காதீர்கள். பேரனை மடியில் வைத்துக் கொஞ்சலாம்.

மூணு மாதக் கர்ப்பம். படபடப்பு வருகிறது. (உசிலம்பட்டி)

பெரும்பாலும் மாத்திரையில் சமாளித்து, அப்லேஷனைப் பிரசவத்துக்குப் பின் வைப்பார்கள். மாத்திரைக்கு அடங்காமல் இப்போதே செய்தாக வேண்டுமென்றால் எக்ஸ்ரே இல்லாத முறை இருக்கும் இடத்துக்குப் போங்கள். வயிற்றின் மேல் ஈய ஏப்ரன் போட்டால் போதும் என்று நம்பி இருக்க வேண்டாம். குழந்தைக்குப் போவது பெரும்பாலும் உங்கள் உடம்புக்குள்ளேயே சிதறி வருவது.

கேத் லேப் நர்ஸ் நான். ஏப்ரனும் பேட்ஜும் சரியாகத்தான் போடுகிறேனா என்று சந்தேகம், அண்ணே.

உங்கள் மேல் படும் டோஸை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜை ஏப்ரனுக்கு உள்ளே, நெஞ்சில் குத்துங்கள். ஏப்ரனோடு சேர்த்து லேபுக்குள்ளேயே மாட்டிவிட்டுப் போனால் உங்கள் மேல் படாத டோஸ் உங்கள் பேரில் ஏறும். பேட்ஜை வீட்டில் மறந்துவிட்டு வந்தால் பட்ட டோஸே கணக்கில் வராது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு, ஐந்தாண்டு சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்; எந்த ஒரு ஆண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது. உங்கள் ரிப்போர்ட்டை நீங்களே வாங்கிப் பாருங்கள் தங்கச்சி. ஏப்ரனை மடித்து நாற்காலியில் போடாதீர்கள். உள்ளே ஈயத்தில் விரிசல் விழுந்துவிடும், வெளியே தெரியாது. ஹேங்கரில் தொங்கவிடுங்கள். தைராய்டு காலரையும் விடாதீர்கள்.

ரேடியோகிராபி படிக்கிறேன். எங்கே நிற்பது?

ட்யூப் இருக்கும் பக்கம் வேண்டாம். நோயாளி உடம்பில் பட்டுத் தெறிப்பது அந்தப் பக்கம்தான் அதிகம். எல்.ஏ.ஓ. வியூவில் (நோயாளியின் இடப்பக்கம் டிடெக்டரைச் சாய்த்துப் பார்க்கும் கோணம்) ட்யூப் டாக்டர் நிற்கும் பக்கம் திரும்பும், அப்போது இன்னும் கவனம். தூரம் இரண்டு மடங்கானால் டோஸ் கால்வாசியாகும். எனவே வேலை இல்லாத நேரத்தில் இரண்டடி பின்னால் நில்லுங்கள். டேபிளில் தொங்கும் ஈயத் திரையை யாராவது மடக்கி வைத்திருந்தால், பெடல் மிதிக்கும் முன்னே இறக்கிவிடுங்கள் தம்பி.