மாடு, ஆடு பற்றிப் பள்ளி ப்ராஜெக்ட்: தெர்மாகோல் இல்லாமல் என்ன செய்யலாம்?

அறிவியல் கண்காட்சிக்கு மாடு, ஆடு சம்பந்தமாக, சாண எரிவாயு மாடல் அல்லாத யோசனை கேட்டிருக்கிறீர்கள். அந்த மாடலை ஒதுக்கியதே நல்லது. தெர்மாகோலில் கலன் செய்து, பெயின்ட் அடித்து, அம்புக்குறி ஒட்டுவது கைவேலை. அதில் அளப்பதற்கு ஒன்றுமில்லை. பரிசு என்னவோ அதற்குத்தான் போகிறது, அதுவும் பாதி அப்பா அம்மா செய்தது!

பக்கத்தில் மாடு இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். அசைபோடுவதை எண்ணுங்கள். மேய்ந்து முடித்து மாடு படுத்ததும், தொண்டையில் ஒரு உருண்டை மேலேறுவது வெளியிலிருந்தே தெரியும். அது வாய்க்கு வந்ததிலிருந்து விழுங்கும் வரை தாடை எத்தனை முறை அசைகிறது, எத்தனை நொடி ஆகிறது, இரண்டையும் குறியுங்கள். பெரும்பாலும் 40 முதல் 70 மெல்லல், ஒரு நிமிடத்துக்கு முன்பின். ஒரு தடவை உட்கார்ந்தால் 10 உருண்டை வரை எண்ணுங்கள். மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்து, கால் மணி நேரம் சும்மா இருந்துவிட்டு எண்ணத் தொடங்குங்கள். புது ஆளைக் கண்டால் அசைபோடுவதை நிறுத்திவிடும்.

வைக்கோலுக்கும் பசும்புல்லுக்கும் வித்தியாசம் பார்க்கத் தோன்றும். காலையில் புல், மாலையில் வைக்கோல் போட்டு ஒப்பிட்டால் தவறாகும். முதல் இரைப்பையில் (தின்றது முதலில் போய்ச் சேரும் அறை) பழையதும் புதியதும் கலந்தே கிடக்கும். மேலே வருவது எதுவென்று சொல்ல முடியாது. தீவனத்தைத் திடீரென மாற்றவும் கூடாது, அங்குள்ள நுண்ணுயிர்கள் பழகச் சுமார் இரண்டு வாரம் பிடிக்கும். ஏற்கெனவே வைக்கோலே அதிகம் தின்னும் மூன்று மாடு, புல்லே அதிகம் தின்னும் மூன்று மாடு என்று தேடிப் பிடியுங்கள். ஆறு மாட்டை வைத்து என்ன நிரூபிப்பது என்று யாராவது கேட்பார்கள். ஒன்றும் நிரூபிக்க வேண்டாம். சராசரியோடு, மிகக் குறைந்த எண்ணையும் மிக அதிக எண்ணையும் எழுதுங்கள்.

ஆய்வகம் இருந்தால் பால் சோதனை. 100 மி.லி. கொதித்து ஆறிய நீரில் 5 மி.கி. மெத்திலின் நீலம் என்ற சாயம். 10 மி.லி. காய்ச்சாத பாலில் இந்தக் கரைசல் 1 மி.லி. விட்டு, மூடி, 37 டிகிரி நீரில் வையுங்கள். நுண்ணுயிர்கள் ஆக்ஸிஜனைத் தீர்க்கத் தீர்க்க நீலம் வெளுக்கும். அரை மணிக்குள் வெளுத்தால் பால் மோசம். ஐந்து மணி நேரம் தாண்டினால் நல்ல பால். கறந்த உடனே எடுத்தது, நான்கு மணி நேரம் வெளியே வைத்தது, காய்ச்சியது என மூன்றையும் ஒப்பிடுங்கள். குழாயைக் குலுக்காதீர்கள், காற்று புகுந்து நீலம் திரும்பிவிடும். வெயிலும் படக்கூடாது. மேல் விளிம்பில் நீல வளையம் நிற்கும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

சாணம்தான் வேண்டும் என்று ஆசிரியர் பிடிவாதம் பிடித்தால், இரண்டு 2 லிட்டர் பாட்டில்களில் சாணமும் நீரும் சம அளவில் முக்கால் பங்கு நிரப்பி, வாயில் பலூன் மாட்டுங்கள். ஒன்று வெதுவெதுப்பான இடத்தில், ஒன்று குளிர்ந்த இடத்தில். பலூன் சுற்றளவைத் தினமும் நூலால் அளந்து குறியுங்கள். முதல் சில நாள் வருவது பெரும்பாலும் கரியமில வாயு, எரியாது. பிறகு வருவது எரியும், அதனால்தான் மேடையில் தீக்குச்சியை எடுக்கவே வேண்டாம்.