பிரிட்டனில் பிடித்த வரி கோவையில் கழியாது

கேள்வி: பிரிட்டனில் தனியார் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, ஐந்து வருஷத்துக்கு முன் கோவைக்கே திரும்பிவிட்டோம். என் கம்பெனி பென்ஷனில் அங்கேயே வரி பிடிக்கிறார்கள். ‘அங்கே கட்டியாச்சு, இங்கே காட்ட வேண்டாம், பிடித்ததையும் வாங்கித் தருகிறேன், கமிஷன் கொடுங்கள்’ என்கிறார் ஒரு ஏஜென்ட். மனைவிக்குக் கவுன்சில் (உள்ளாட்சி) அலுவலகப் பென்ஷன் வருகிறது. இருவருக்கும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட், ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் அட்டை).

பதில்: முதலில் அந்த ஏஜென்ட்டை விடுங்கள். அங்கே ரீஃபண்ட் கிடைப்பதே ‘நான் இந்தியாவில் வரி கட்டும் ஆள்’ என்று எழுதிக் கொடுத்தால்தான். அப்படி எழுதிவிட்டு இங்கே வருமானத்தை மறைத்தால் என்ன ஆகும்? கமிஷனை வாங்கிக்கொண்டு அவர் போய்விடுவார், நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும்.

இந்தியா-பிரிட்டன் இரட்டை வரி ஒப்பந்தப்படி கம்பெனி பென்ஷனுக்கும் ஸ்டேட் பென்ஷனுக்கும் (பிரிட்டிஷ் அரசு முதுமையில் பொதுவாகத் தருவது) வரி போடும் உரிமை நீங்கள் வசிக்கும் நாட்டுக்கு மட்டுமே. அதாவது, பிரிட்டன் உங்களிடம் பிடிப்பது பிடிக்கக் கூடாத வரி. அதனாலேயே இங்கே அதைக் கழித்துக்கொள்ள முடியாது. இங்கே முழுசாகக் கட்டிவிட்டு, அங்கே திருப்பிக் கேட்க வேண்டும்.

கேட்பதற்கான படிவம் பிரிட்டிஷ் வரித்துறையின் தளத்தில் இலவசமாகவே இருக்கிறது. அதில் நம் வருமான வரி அதிகாரி சான்றளிக்க வேண்டும். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. ‘இது வெளிநாட்டுத் தாள், எங்கள் வேலை இல்லை’ என்று எழுபது வயதுக்காரரைத் திருப்பி அனுப்புகிற அலுவலகங்கள் உண்டு. ஒப்பந்தம் போட்டது இரண்டு அரசாங்கம், ஒரு சீலுக்கு அலைவது பென்ஷன்காரர்! ஏஜென்ட்டுகள் பிழைப்பதே இந்த இடைவெளியில்தான். வரி வதிவிடச் சான்றிதழுக்கும் (வரிக் கணக்கில் நீங்கள் இந்தியாவில் வசிப்பவர் என்ற சான்று) சேர்த்தே விண்ணப்பித்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வையுங்கள். நான்கு வருஷத்துக்கு மேல் பழைய வரி திரும்பாது. ஒவ்வொரு ஏப்ரல் 5-ஆம் தேதியும் ஒரு வருஷம் கைநழுவும்.

மனைவியின் பென்ஷன் கணக்கே வேறு. கவுன்சில், போலீஸ் போன்ற அரசுப் பணிக்கான பென்ஷனுக்குப் பிரிட்டனில் மட்டும்தான் வரி. ஆனால் வாங்குபவர் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனாக இருந்தால் அது தலைகீழாகி, இந்தியாவில் மட்டும் வரி. பக்கத்து மேஜையில் அதே வேலை பார்த்து, இந்தியப் பாஸ்போர்ட்டோடு திரும்பிய தோழிக்கு இங்கே வரி. உங்கள் மனைவிக்கு அங்கே. ஓசிஐ கார்டு குடியுரிமை ஆகாது. ஆகவே ஒரே படிவத்தில் இரண்டு பென்ஷனையும் போடாதீர்கள்.

இப்போதுதான் ஊர் திரும்புகிறவர்களுக்கும் ஒன்று. வரிச் சட்டம் உங்களைச் ‘சாதாரண வதிவாளர் அல்லாதவர்’ (ஆர்என்ஓஆர்) என்று பார்க்கும் முதல் இரண்டு மூன்று வருஷம் வெளிநாட்டுப் பென்ஷனுக்கு இங்கே வரி கிடையாது. ஆனால் பணம் நேரே இந்திய வங்கிக்கு வந்து விழுந்தால், இந்தியாவில் பெற்ற வருமானம் என்று வரி உண்டு. முதலில் பிரிட்டன் கணக்கில் வாங்கி, அப்புறம் இங்கே அனுப்புங்கள். ‘என்ஆர்இ கணக்கில் (வெளிநாடுவாழ் இந்தியருக்கான இந்திய வங்கிக் கணக்கு) போட்டால் வரியே இல்லை’ என்பது ஏஜென்ட் கதை.

நீங்கள் காட்டாமல் விட்டுப்போன வருஷங்களுக்கு ஐடிஆர்-யு (பிந்திப் போடும் திருத்த ரிட்டர்ன்) போடலாம். பாக்கி வரி, வட்டியோடு அந்தத் தொகையில் 25 முதல் 70 சதவீதம் வரை கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும், தாமதிக்கத் தாமதிக்க ஏறும். பிரிட்டன் வங்கிக் கணக்கையும் இனி ரிட்டர்னில் காட்டுங்கள். இதை முடித்துவிட்டு அங்கே படிவம் அனுப்புங்கள், இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.