குசினிக் கலண்டரில் தவறிய திகதி

கேள்வி: எனக்கு வயது 36. வெள்ளவத்தையில் இருக்கிறோம். கொள்ளுப்பிட்டியில் ஒரு காரியாலயத்தில் கணக்குப் பகுதியில் வேலை. இரண்டு பிள்ளைகள். அப்பா தவறிய பிறகு அம்மாவும் எங்களோடுதான், அவருக்கு 70. எந்த நாளும் ஏதாவது ஒன்றை மறந்துவிட்டு ஓடுகிறேன். போனில் குறித்தால் திரும்பிப் பார்ப்பதே இல்லை. இரண்டு வருடத்தில் மூன்று பிளானர் வாங்கினேன். முதல் கிழமை வருட இலட்சியம், எத்தனை கோப்பை தண்ணீர் குடித்தேன் என்றெல்லாம் அழகாக எழுதுவேன். பெப்ரவரியோடு நின்றுவிடும், எழுத என்ன இருக்கிறது என்றே தெரிவதில்லை. இப்போது கைப்பையில் அடங்குகிற ஏ6 அளவில், நாளுக்கு ஒரு பக்கம் உள்ளது வாங்க யோசிக்கிறேன். ஒரு சிநேகிதி ஜப்பானிய ஹொபோனிச்சி நல்லது என்கிறாள், விலைதான் யோசனை. மணிக்கோடு போட்டதா, கட்டம் போட்டதா? திகதி அச்சிட்டதா, இல்லாததா? வீட்டில் ஞாபகசக்திக்கு அம்மாதான். பிள்ளைகளின் பாடசாலை வான் காசிலிருந்து என் கணவருடைய பல் டாக்டர் வரை குசினிக் கலண்டரில் குறித்து வைத்து, முதல் நாள் இரவே எனக்குச் சொல்லிவிடுவார். அவரே போன மாதம் தன் கிளினிக் நாளை மறந்துவிட்டார் என்றால் பாருங்கள், எங்கள் குடும்பத்துக்கே மறதி! எனக்குப் பொருத்தமான பிளானர் எது?

வெள்ளவத்தை வாசகி

பதில்: மகள், உங்கள் கடிதத்தில் கடைசிக்கு முதல் வரியை மூன்று தரம் வாசித்தேன். சிரித்துக்கொண்டு எழுதி, முடிவில் ஆச்சரியக்குறியும் போட்டிருக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டிலுள்ள ஐந்து பேரின் நாட்களையும் தலையில் சுமக்கிற 70 வயது மனுஷி தன்னுடைய ஒரு நாளைத் தவறவிட்டிருக்கிறார். அதை நீங்கள் உங்கள் மறதிக்குச் சாட்சியாகக் கூப்பிடுகிறீர்கள். வான் காசை அவர் மறக்கவில்லை. மருமகனின் பல்லை மறக்கவில்லை. மறந்தது ஒன்றே ஒன்றுதான். அது யாருடையது என்று பாருங்கள். முதல் நாள் இரவே எனக்குச் சொல்லிவிடுவார் என்கிறீர்களே, அம்மாவுக்கு முதல் நாள் இரவு யார் சொன்னது?

கிளினிக் நாள் தவறினால் என்ன ஆகும் என்று தெரியும்தானே. கொடுத்துவிடுகிற மாத்திரை அடுத்த கிளினிக் வரைக்கும் கணக்காகத்தான் இருக்கும். நாள் போனால் மாத்திரையும் முடியும். பிறகு வெளியே ஃபார்மசியில் காசு கொடுத்து வாங்க வேண்டும். அல்லது, பல அம்மாமார் செய்கிற மாதிரி, பிள்ளைக்கு ஏன் செலவு என்று இரண்டு நாள் போடாமல் இருந்துவிடுவார்கள். பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் அப்படி இருக்க முடியாது. உங்கள் அம்மாவுக்கு என்ன வருத்தம் என்றுகூட நீங்கள் எழுதவில்லை. ஹொபோனிச்சியின் பெயரை எழுத்துப்பிழை இல்லாமல் எழுதியிருக்கிறீர்கள்.

இதே கடிதம் எனக்கு வேறு வேறு கையெழுத்தில் எத்தனையோ தடவை வந்திருக்கிறது. ஒருவர் போனுக்கு நல்ல ஆப் எது என்பார், இன்னொருவர் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுகிற பலகை எது என்பார். எல்லார் வீட்டிலும் பின்னால் ஓர் அம்மா, அல்லது ஒரு மாமி, கேட்காமலே எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொண்டு நிற்பார். எழுத என்ன இருக்கிறது என்று தெரியவில்லை என்கிறீர்கள். எழுதவேண்டியது எல்லாம் உங்கள் குசினிச் சுவரில் தொங்குகிறது. அம்மா எழுதிவிடுகிறபடியால் உங்களுக்கு மிஞ்சினது தண்ணீர்க் கோப்பைக் கணக்குத்தான். இந்த மாத வான் காசு எத்தனையாம் திகதி கொடுக்கவேண்டும்? அம்மாவைக் கேட்காமல் சொல்லுங்கள் பார்ப்போம்.

லண்டனில் ஜோன் லெட்ஸ் என்கிற காகிதக் கடைக்காரர் 1812 இல் திகதி அச்சிட்ட டயறியை விற்கத் தொடங்கியபோது, அதை வாங்கினவர்கள் வியாபாரிகள். வரப்போகிற சரக்கு, வரவேண்டிய காசு, கொடுக்கவேண்டிய காசு, இவற்றைக் குறிக்கத்தான் வாங்கினார்கள். நாளைக்கு யாருக்கு என்ன செய்யக் கடமைப்பட்டிருக்கிறோம் என்பதை எழுதுகிற கொப்பி அது. நீங்கள் அதில் உங்களை மட்டும் எழுதினீர்கள், அதனால் பெப்ரவரியில் தீர்ந்துபோனது.

என் அப்பா புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் கணக்கெழுதினவர். அவருடைய சட்டைப் பையில் நாலு விரல் அகலத்தில் ஒரு சிவப்பு டயறி எப்போதும் இருக்கும். முதுகுப் பக்கத்துத் துளையில் தீக்குச்சி மொத்தத்தில் ஒரு பென்சில்; அதைச் சவர அலகால் சீவி வைப்பார். எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி. சரக்கு லொறி வரும் நாள், சீட்டுக் காசு, எனக்குப் பாடசாலைச் சப்பாத்து, எல்லாம் ஒரே பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். மாதத்தில் ஒரு நாள் மட்டும் "அம்மா, கண்" என்று இருக்கும். அதன் கீழே அழுத்தி இரண்டு கோடு. என் அப்பம்மாவுக்குக் கண் கிளினிக். இரண்டு கோடு என்றால் அன்று அரைநாள் லீவு, எந்த லொறி வந்தாலும் சரி. முதலாளியின் பெயருக்குக் கீழேகூட அவர் ஒரு கோடுதான் போடுவார். அப்பம்மா சாகும்வரை ஒரு கிளினிக்கும் தவறவில்லை. என் அம்மா அதை ஞாபகப்படுத்தி நான் பார்த்ததில்லை. தாயின் நாளைப் பெற்ற பிள்ளைதான் வைத்திருக்கவேண்டும் என்பது அப்பாவின் எண்ணம். என்னுடைய எண்ணமும் அதுதான்.

சரி, பிளானருக்கு வருவோம். அளவில் நீங்கள் நினைத்தது சரி. ஏ6 என்றால் 105 க்கு 148 மில்லிமீட்டர், ஏ4 தாளை இரண்டு தரம் மடித்தால் வருகிற அளவு. ஏ5 இல் நாளுக்கு ஒரு பக்கம் போட்டால் 183 தாள் வரும். சதுர மீட்டருக்கு 80 கிராம் உள்ள சாதாரணத் தாளில், தாள் மட்டுமே 450 கிராமுக்கு மேல். சாப்பாட்டுப் பெட்டி, தண்ணீர்ப் போத்தல், குடை உள்ள பையில் அதையும் போட்டுக்கொண்டு 100 ஆம் இலக்க பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர், இரண்டாம் கிழமை அதை மேசையிலேயே விட்டுவிட்டுப் போவார். மேசையில் தங்கின டயறி செத்த டயறி. ஏ6 இல் பாரம் பாதி.

ஹொபோனிச்சியைக் குறை சொல்ல மாட்டேன், நல்ல சாமான். 2002 ஆம் ஆண்டுக்கென்று முதல் தடவையாக வந்தது; ஏ6, நாளுக்கு ஒரு பக்கம், 3.7 மில்லிமீட்டர் சதுரக் கட்டம். தாள் சதுர மீட்டருக்கு 52 கிராம்தான், அதனால்தான் அத்தனை பக்கமும் மெல்லிசாக அடங்குகிறது. எந்தப் பக்கத்தில் விரித்தாலும் தட்டையாகப் படுக்கும். ஆனால் மறுபக்க எழுத்து நிழலாகத் தெரியும். மை காயவும் கொஞ்சம் நேரம் எடுக்கும். கொழும்புப் புழுக்கத்தில், தேங்காய் திருவின கையோடு குசினியில் நின்று எழுதவேண்டிய உங்களுக்கு அது தோதுப்படாது. அழகு கெட்டுவிடும் என்று பயந்து பயந்து எழுதுகிற கொப்பி உங்களிடம் நிலைக்காது. எண்ணெய்க் கறை பட்டால் மனம் நோகாத விலையில் ஒன்று எடுங்கள்.

புறக்கோட்டை மலிபன் வீதிக் கடைகளில் தேடுங்கள். கடையில் நின்றே நடுப்பக்கத்தை விரித்து, கையை எடுத்துவிட்டுப் பாருங்கள். தானாக மூடிக்கொண்டால் திரும்ப வைத்துவிடுங்கள். ஒரு கையில் பிள்ளை, மறு கையில் பேனை என்று நிற்கிறவருக்குப் பக்கத்தைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. நூல் தைத்த கட்டாக இருக்கட்டும். வெறும் பசையால் ஒட்டினது வருடம் பாதி போகுமுன் தாள் தாளாகக் கழன்றுவிடும், கம்பிச் சுருள் பைக்குள் எல்லாவற்றிலும் கொளுவும். மணிக்கோடு வேண்டாம். பிள்ளையின் காய்ச்சல் 9.30 க்கு வந்து 10 மணிக்குப் போவதில்லை. திகதி அச்சிட்டதையே வாங்குங்கள். திகதி இல்லாததில் பத்து நாள் எழுதாமல் விட்டாலும் கண்ணுக்குத் தெரியாது. உங்களுக்கு அது தெரியவேண்டும். உள்ளூரில் அச்சடித்ததில் போயா நாளும் மற்ற விடுமுறைகளும் இருக்கும். வெளிநாட்டு டயறி என்றால் அதையெல்லாம் உட்கார்ந்து நீங்கள்தான் குறிக்கவேண்டும்.

இன்னொரு கோபமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2022 மார்ச்சில் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது. அதைப் பார்த்த ஊரில் இருந்துகொண்டு மூன்று பிளானரை வெறுமையாக விட்டுவிட்டு நாலாவதுக்கு ஆலோசனை கேட்கிறீர்கள். பழையவற்றில் மிச்சமுள்ள பக்கங்களைப் பிள்ளைகளுக்குக் கணக்குச் செய்து பார்க்கக் கொடுங்கள்.

புதியதை வாங்கின அன்று முதல் பக்கத்தில் இலட்சியம் ஒன்றும் எழுதவேண்டாம். குசினிக் கலண்டரைச் சுவரிலிருந்து கழற்றி மேசையில் வையுங்கள். அம்மாவை இருத்தி, நீங்கள் தேநீர் ஊற்றிக் கொடுங்கள். அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். ஒவ்வொரு வட்டமும் என்ன, ஒவ்வொரு ஒற்றை எழுத்தும் என்ன என்று கேளுங்கள். அவருடைய சுருக்கெழுத்து அவருக்கு மட்டும்தான் விளங்கும், அதுதான் எனக்குப் பயமும். குறிக்காமல் மனதில் வைத்திருப்பவற்றையும் கேளுங்கள். உங்கள் அப்பாவின் திவசம் வருடத்துக்கு வருடம் வேறு திகதியில் வரும். அதைப் பஞ்சாங்கத்தில் பார்க்க உங்கள் வீட்டில் அவரைத் தவிர யாருக்குத் தெரியும்? பழகிக்கொண்டு எழுதுங்கள். ஒரு மாலையில் முடியாது, இரண்டு மூன்று நாள் எடுக்கும். எடுக்கட்டும்.

கிளினிக் கொப்பியை வாங்கி, அடுத்த திகதியை எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போடுங்கள். அதோடு விடாமல், அதற்கு ஏழு நாள் முந்தின பக்கத்தில் "அம்மாவின் மாத்திரை எண்ணு" என்று எழுதுங்கள். மூன்று நாள் முந்தின பக்கத்தில் "லீவு கேள்". நாளுக்கு ஒரு பக்கம் உள்ள டயறியின் பலனே இந்த முன்பக்கங்கள்தான். திகதியை அன்றைய பக்கத்தில் மட்டும் எழுதினால் அன்று காலையில்தான் தெரியவரும், அப்போது பஸ் போய்விட்டிருக்கும். கரண்ட் பில்லுக்கும் காஸுக்கும் இவ்வளவு தேவையில்லை, ஒரு வரி போதும்.

உங்கள் கணவரின் பல் டாக்டரை இந்த டயறியில் எழுதவேண்டாம். அதை அவர் வைத்திருக்கட்டும், போனிலோ உள்ளங்கையிலோ. வளர்ந்த மனிதனின் பல்லை மாமியார் ஞாபகம் வைத்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அதை நீங்கள் உங்கள் தலையில் ஏற்றிக்கொள்வதும் பிடிக்கவில்லை.

இரவில் பிள்ளைகள் படுத்த பிறகு நாளைய பக்கத்தைத் திறந்து, அம்மா வாய் திறக்குமுன் நீங்கள் அவருக்குச் சொல்லுங்கள். நாளைக்கு வான் காசு, எடுத்து வைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை உங்கள் கிளினிக், நான் வருகிறேன். முதல் கிழமை அவர் நம்ப மாட்டார், கலண்டரில் எழுதிக்கொண்டேதான் இருப்பார். எழுதட்டும், கலண்டரைப் பிடுங்காதீர்கள். அவர் கட்டிக் காத்த வீட்டின் கணக்குப் புத்தகம் அது. உங்கள் டயறியும் அதுவும் ஒன்றோடொன்று ஒத்துவருகிறதா என்று ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் சேர்ந்து பாருங்கள். பாரம் இறங்கின பிறகும் அவருக்கு மறதி கூடிக்கொண்டு போனால், அதையும் கிளினிக்கில் டாக்டரிடம் சொல்லவேண்டும். பக்கத்தில் நீங்கள் இருந்தால்தான் சொல்ல முடியும்.

தவறிய அந்த நாளுக்குப் பிறகு என்ன நடந்தது என்று கடிதத்தில் இல்லை. புதுத் திகதி எடுத்தீர்களா? இந்த ஒரு மாதமாக அம்மா எதைப் போடுகிறார்? பிளானர் வாங்கச் சனிக்கிழமை போகலாம். இதை வாசித்து முடித்ததும் எழும்பிப் போய், அவருடைய மாத்திரைப் பையைத் திறந்து எண்ணுங்கள். எண்ணிக்கையைக் கையில் கிடைக்கிற தாளில் எழுதுங்கள், பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் என்றாலும் பரவாயில்லை.